உங்களுக்குத் தெரியுமா? மறுவாக்களிப்பு இல்லாத இரண்டாம் சுற்று!

பிரான்ஸ் ஜனாதிபதித் தேர்தலின் முதற்சுற்றில் எவரும் பாதிக்கு மேல் வாக்குப் பெறாவிட்டால் மக்கள் மீண்டும் வாக்களிக்க வேண்டும். இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் அப்படியில்லை. வாக்குச்சீட்டையே மீண்டும் எண்ணுவார்கள்.

2024 செப்டம்பர் 21 தேர்தலில், வரலாற்றிலேயே முதன்முறையாக இது நடந்தது. முதல் இருவரான அநுர குமார திசாநாயக்க (42.31%), சஜித் பிரேமதாச (32.76%) தவிர்ந்த மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் வாக்காளர்கள் 2, 3 என இட்டிருந்த விருப்புகள் பார்க்கப்பட்டன. சஜித்துக்கு 1,67,867 வாக்குகளும் அநுரவுக்கு 1,05,264 வாக்குகளும் சேர்ந்தன. இறுதியில் அநுர 57,40,179 வாக்குகளுடன் வென்றார்.

பலாங்கொடைத் தோட்ட வாக்காளரே, முதல் இருவரல்லாத ஒருவருக்கு 1 மட்டும் இட்ட சீட்டுக்கு இரண்டாம் எண்ணிக்கையில் வேலையில்லை. விரும்பினால் 2, 3 என்றும் இடுங்கள்!