அந்த ஒரு சொட்டு!

வெள்ளை கோட் போட்டாச்சா? முடியைக் கட்டியாச்சா? வாங்க வாங்க, பிற்பகல் 2 மணி ஆகிவிட்டது. எங்கள் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி லேபுக்குள் உங்களைக் கூட்டிப்போகிறேன்!

உள்ளே நுழைந்ததும் முதலில் விழித்துக்கொள்வது மூக்குதான். அழுகிய முட்டை நாற்றமா? பயப்படாதீர்கள். ஃப்யூம் கப்போர்டில் ஹைட்ரஜன் சல்ஃபைடு விடுகிறார்கள். யாரோ சால்ட் அனாலிசிஸில் இரண்டாம் குரூப்பைத் தொட்டிருப்பார்கள்.

இந்தப் பக்கம் பாருங்கள்! வாட்ச் கிளாஸில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. அது என்ன உப்பு என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குழைத்துச் சுடரில் காட்டினால், செங்கல் சிவப்புக்குக் கால்சியம், இளம்பச்சைக்குப் பேரியம். தீபாவளிப் பச்சை மத்தாப்பில் எரிவதும் இதே பேரியம்தான்! பன்சனும் கிர்க்காஃபும் இப்படிச் சுடரின் ஒளியைப் பிரித்துப் பார்த்துத்தான் 1860-ல் சீசியத்தையும் 1861-ல் ருபிடியத்தையும் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் எனக்கு உயிர், டைட்ரேஷன்தான். பியூரெட்டில் கத்தரிப்பூ நிறத்தில் பெர்மாங்கனேட். நிறம் அத்தனை அடர்த்தி என்பதால் கரைசலின் கீழ்வளைவு தெரியாது. மேல்விளிம்பைத்தான் படிக்க வேண்டும். கானிக்கல் ஃபிளாஸ்க்கில் பிப்பெட்டால் அளந்துவிட்ட 20 மில்லி ஆக்ஸாலிக் அமிலம், நீர்த்த சல்பியூரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கியது. பிப்பெட் நுனியில் தங்கும் கடைசித் துளியை மட்டும் ஊதிவிடாதீர்கள்! அது தங்கும் என்று தெரிந்தேதான் பிப்பெட்டில் கோடு போட்டிருக்கிறார்கள்.

முதல் சொட்டு விழுகிறது. இளஞ்சிவப்பு போகவே மாட்டேன் என்கிறது! முதல் நாள் பதறிவிட்டேன். "ஆட்டிக்கிட்டே இரும்மா, போகும்" என்றார் மேடம். மெல்ல மறைந்தது. அடுத்த சொட்டு சீக்கிரமே மறைந்தது. அதற்கடுத்தது இன்னும் சீக்கிரம்! வினையில் பிறக்கும் மாங்கனீஸ் அயனியே வினையூக்கியாகி, தான் பிறந்த வினையைத் தானே முடுக்கிவிடுகிறது.

19 மில்லி தாண்டியதும் பேச்சு நின்றுவிடும். குழாயைத் திருகியும் திருகாமலும் ஒவ்வொரு சொட்டாக... 19.4... 19.5... 19.6! வெளிர் ரோஜா நிறம். ஆட்டுகிறேன், போகவில்லை! வினை முடிந்துவிட்டது! இரண்டாவது முறையும் அதே 19.6 வந்தால், பக்கத்து மேசைத் தோழியும் சேர்ந்து குதிப்பாள்.

மாலையில் வீடு திரும்பும்போது விரலெல்லாம் பெர்மாங்கனேட் விட்ட பழுப்புக் கறை. "என்னடி கை இது?" என்று அம்மா அரை மூடி எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கிறார். கறை கரைந்தே போகிறது! பழுப்பாக ஒட்டியிருந்தது மாங்கனீஸ் டை ஆக்சைடு. பழச்சாற்றின் வைட்டமின் சி அதை நிறமற்ற மாங்கனீஸ் அயனியாக்கிவிட்டது. மதியம் ஃபிளாஸ்க்கில் பிறந்த அதே அயனி, இப்போது எங்கள் சமையலறைத் தொட்டியில்.

"அம்மா, இன்னும் ஒரே ஒரு சொட்டு பிழியேன்!"