உரோமாபுரிக் குவிமாடமும் அதன் இணைப்புக்களும்

உரோமாபுரியிலே 1960ஆம் ஆண்டின் ஒலிம்பிக் விளையாட்டுக்களுக்கெனக் கட்டப்பெற்ற அரங்குகளுள் ஒன்று ‘பலாற்செற்றோ தெல்லோ ஸ்போர்ட்’. சிறிய விளையாட்டு மாளிகை என்பது அப்பெயரின் பொருள். வட்டமான தரை, அதன்மேற் கவிழ்த்த கிண்ணம் போன்றதொரு குவிமாடம். கூரையைத் தாங்க உள்ளே ஒரு தூணும் இல்லை. ஏறக்குறைய 60 மீற்றர் குறுக்களவுள்ள இக்கூரை ஒரே வார்ப்பிற் செய்யப்பட்டதன்று. 1,620 துண்டுகளை முன்னரே வார்த்தெடுத்து, மேலே ஏற்றி, அடுக்கி இணைத்ததாகும்.

கொங்கிறீற்று தொடக்கத்திலே கூழ் போன்றது; அச்சின்றி அதற்கு வடிவமில்லை. குவிமாடத்தை இருந்த இடத்திலேயே வார்ப்பதாயின், முதலில் மரத்தினால் அதேயளவான குவிமாடமொன்றைத் தச்சர் கட்டித் தருதல் வேண்டும். கொங்கிறீற்று இறுகியபின் அதனைப் பிரித்தெறிதலும் வேண்டும். ஒருமுறைப் பயனுக்காக இத்துணை மரமும் கூலியும் வீணாதலைப் பொறியியலாளர் பியர் லுயிஜி நேர்வி விரும்பவில்லை. குவிமாடத்தை அடுக்கடுக்கான வளையங்களாக வகுத்தால், ஒரு வளையத்துக்குரிய துண்டுகள் யாவும் ஒரே வடிவின. ஆகவே ஓரச்சே பலவற்றுக்குப் போதும். கட்டடக் கலைஞர் அனிபாலே வித்தெலோற்சியுடன் சேர்ந்து 1956, 1957ஆம் ஆண்டுகளில் அவர் இவ்வாறே செய்து முடித்தார்.

துண்டுகள் சாய்சதுர வடிவின, மிக மெல்லியன. நுண்ணிய கம்பி வலைகளைப் பலவாக அடுக்கி, அவற்றினூடே சீமெந்துச் சாந்தை அழுத்திச் செய்யப்பட்டவை. இப்பொருளைக் கொண்டு நேர்வி முன்னர் ஒரு கப்பலே கட்டியிருந்தார் என்றால், அதன் உறுதியைப் பற்றி வேறு கூறவேண்டியதில்லை.

ஆயினும், இரு துண்டுகள் சந்திக்குமிடம் நொய்தாயின் கூரை நில்லாது. சாரத்தின்மீது அடுக்கிய துண்டுகளுக்கிடையே வாய்க்கால் போன்ற இடைவெளிகள் விடப்பட்டன. அவற்றில் உருக்குக் கம்பிகளை இட்டு, புதுக் கொங்கிறீற்றை ஊற்றி, துண்டுகளின் முதுகின்மேலும் ஒரு படை பரப்பினர். அஃது இறுகியதும் 1,620 என்ற கணக்கு மறைந்தது, கூரை ஒன்றாயிற்று. உள்ளே நின்று அண்ணாந்து பார்ப்போருக்குச் சூரியகாந்திப் பூவின் நடுவட்டம்போலத் தோன்றும் பின்னல் வரிகள் அவ்வாய்க்கால்களே. கூரை வெளிப்புறமாகத் தள்ளும் விசையை 36 சாய்ந்த கவைத்தூண்கள் நிலத்தடியிலுள்ள கொங்கிறீற்று வளையத்துக்குக் கொண்டுசெல்கின்றன. வண்டிச் சில்லைச் சுற்றிய இரும்புப் பட்டம்போல அவ்வளையம் யாவற்றையும் இறுக்கிப் பிடிக்கின்றது.

நேர்விக்கு இந்நம்பிக்கை ஏட்டிலிருந்து மாத்திரம் வந்ததன்று. இரண்டாம் உலகப் போரையொட்டி இத்தாலிய விமானப் படைக்கு, முன்வார்த்த உறுப்புக்களை இணைத்துக் கொட்டகைகள் சில அமைத்திருந்தார். 1944இல் பின்வாங்கிய செருமானியப் படையினர் அவற்றை வெடிவைத்துத் தகர்த்தனர். கூரைகள் தரையில் வீழ்ந்தன. இணைப்புக்களோ பெரும்பாலும் விடாது பற்றிக்கொண்டே கிடந்தன. கொடிய சோதனைதான்; எந்த ஆய்வுகூடமும் இதனை நடத்தியிராது.

இதற்கு மாறான நிகழ்ச்சி 1968 மே 16இல் இலண்டனிலே நேர்ந்தது. முன்வார்த்த சுவர்களாலும் தளங்களாலும் எழுப்பிய ‘றோனன் பொயின்ற்’ என்னும் 22 மாடிக் குடியிருப்பின் 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்தது. ஒரு சுவர் வெளியே தள்ளப்பட்டதும், அம்மூலையின் மாடிகள் ஒன்றன்மேலொன்றாகச் சரிந்தன. நால்வர் மாண்டனர். தனித்தனிப் பலகைகள் வலியனவாயினும் அவற்றைக் கட்டிப் பிடித்த பிணைப்புப் போதியதாக இருக்கவில்லை.

இன்று பழைய அரங்குகளைப் பெருப்பிப்போர், இருக்கைப் படிகளைத் தொழிற்சாலையில் வார்த்து, சாய்ந்த உத்தரங்களின்மேல் ஏற்றி வைக்கின்றனர். ஓர் ஆட்டப் பருவம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் வேலையை முடித்தற்கு இதுவே வசதி. ஆனால் வெற்றி கண்ட மக்கள் ஆயிரக்கணக்கில் ஒரே தாளத்திற் குதிக்கும்போது, படிகள் உத்தரத்தின்மேல் அமரும் அச்சிறு விளிம்பு அவ்வதிர்வு முழுவதையும் தாங்குகின்றது. பொறியியலாளர் முதலிற் குனிந்து பார்ப்பதும் அவ்விளிம்பையே.