ஒரு பெட்டியும் நால்வரும்

கூடத்தின் மூலையில் தையல் மெஷின் இருந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் வந்து அமர்ந்தபோது, அதை உதிரி உதிரியாகக் கொணர்ந்து பூட்டிக்கொடுத்த கடைப் பையன், பெயர் என்ன போடவேண்டுமென்று ஒரு வார்த்தை கேளாமல் 'யூசர்' என்று தட்டிவிட்டு, கடவுச்சொல் எதுவும் வையாமல் தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டான். நானும், என் மனைவியும், பள்ளியிறுதி வகுப்பிலிருந்த மகனும், எழுபது வயதைக் கடந்த என் தாயாரும் அந்த ஒரே பெயருக்குள் மூன்று வருஷ காலம் குடித்தனம் செய்தோம். விண்டோஸ் எக்ஸ்பி நாட்டில் கொடிகட்டிப் பறந்த காலம் அது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, 'ஆல் புரோகிராம்ஸ்' என்ற வரியின்மேல் மௌஸை நிறுத்தினால், பெயர்கள் ஒரு பத்தி, இரண்டு பத்தி, மூன்று பத்தியென விரிந்து திரையின் பெரும்பகுதியை மறைத்துக்கொள்ளும். அவற்றினூடே வேண்டிய பெயரை நாடி மெல்ல நகர்கையில், கை சற்றே விலகினாலும் அண்டையிலுள்ள வேறொரு கிளை விரிந்துவிடும்; மறுபடியும் முதலிலிருந்து யாத்திரையைத் தொடங்கவேண்டும். பழைய கச்சேரிகளைக் கேட்பதற்காக மட்டுமே அந்த யந்திரத்தின் முன் அமரும் என் தாயார், பாட்டைக் கண்டுபிடிப்பதற்குள் ஆயாசமடைந்து எழுந்து போய்விடுவதே வழக்கமாக இருந்தது.

நாங்கள் செய்துவந்த முதற் பிழை, மெனுவில் தெரியும் பெயரையே புரோகிராம் என்று எண்ணிவந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய அண்டாவையும் தவலையையும் பரணில் ஏற்றிவிட்டு, எது எந்த மூலையில் இருக்கிறதென்று ஒரு சீட்டில் எழுதிச் சமையலறைக் கதவின் பின்புறம் ஒட்டிவைக்கும் முன்யோசனைக்காரர்களை நான் கண்டதுண்டு. மெனுவின் ஒவ்வொரு வரியும் அத்தகைய சீட்டேயாகும். ஷார்ட்கட் என்பது அதன் பெயர். நூற்றுக்கணக்கான மெகாபைட் இடத்தை அடைத்துக்கொண்டு 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்னும் ஃபோல்டரில் கிடக்கும் ஒரு பெரிய புரோகிராமுக்கு, மெனுவில் நிற்கும் பிரதிநிதி ஓரிரு கிலோபைட் அளவுள்ள சிறு கோப்புத்தான்; மூலப் புரோகிராமின் விலாசமும், பக்கத்தில் காட்டவேண்டிய சின்னம் எங்கே உள்ளதென்ற குறிப்பும், இன்னும் சில விவரங்களுமே அதில் அடங்கியிருக்கும். ஹார்ட் டிஸ்கில் இடம் போதவில்லையென்று மெனுவிலிருந்த பெயர்களை ஒரு மாலைப் பொழுது முழுதும் அழித்துவிட்டு, இடம் சிறிதும் கூடவில்லையே என்று என்னிடம் வந்து வருந்திய நண்பர், உண்மையில் சீட்டுகளைத்தான் கிழித்திருந்தார். அண்டாக்கள் பரணிலேயே இருந்தன. இதற்கு நேர்மாறாக, அண்டாவை விற்றுவிட்டுச் சீட்டை மட்டும் விட்டுவைத்தாலோ, அந்தச் சீட்டை அழுத்தியவுடன் எக்ஸ்பி ஒரு சிறிய சாளரத்தைத் திறந்து, டார்ச் விளக்கொன்று இப்புறமும் அப்புறமும் வெளிச்சம் அடித்துத் தேடுவதாகப் படம் காட்டும். அந்தப் பரிதாபமான விளக்கை எங்கள் வீட்டில் நாங்கள் பலமுறை தரிசித்திருக்கிறோம்.

ஸ்டார்ட் மெனு தோன்றுவதற்கு முன், 1990-இல் வெளிவந்த விண்டோஸ் 3.0-இல், 'புரோகிராம் மேனேஜர்' என்னும் பலகையில் சின்னங்களைக் குழு குழுவாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு குழுவுக்குள் இன்னொரு குழுவை அடக்க அதில் இடமில்லை. 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் தேதி வெளியான விண்டோஸ் 95, ஸ்டார்ட் பொத்தானைக் கொணர்ந்ததோடு, மெனுவையே ஹார்ட் டிஸ்கிலுள்ள சாதாரண ஃபோல்டராக ஆக்கிவிட்டது. இந்த மாறுதலின் அருமையை அந்நாளில் விளம்பரங்களைப் பார்த்து மகிழ்ந்தவர்களில் எத்தனை பேர் உணர்ந்தார்களோ அறியேன். மெனு ஒரு ஃபோல்டர் என்றால், மற்ற ஃபோல்டர்களில் செய்யக்கூடிய யாவற்றையும் அதிலும் செய்யலாம். பெயர் மாற்றலாம், இடம் பெயர்க்கலாம், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாம் என்பதல்லவா பொருள்!

அவ்வாறே ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அடுக்க முற்பட்டேன். புரோகிராம்களைச் செய்யும் கம்பெனிகள், மெனுவில் தங்கள் பெயரால் ஒரு ஃபோல்டரை நிறுவி, அதனுள் புரோகிராமோடு 'ரீட் மீ', 'ஹெல்ப்', தங்கள் இணையதள முகவரி, எல்லாவற்றுக்கும் மேலாக 'அன்இன்ஸ்டால்' என்னும் விபரீதமான வரி ஆகியவற்றையும் வைத்துவிட்டுப் போகின்றன. பாட்டுக் கேட்க விரும்புகிறவர் பாட்டைத் தேடுவாரேயன்றி, அதை ஒலிக்கச் செய்யும் புரோகிராமை இயற்றிய கம்பெனியின் பெயரைத் தேடமாட்டார். ஆகவே எழுத்து, பாட்டு, படம், விளையாட்டு என்று வீட்டார் வாயில் வழங்கும் பெயர்களாலேயே நான்கு ஃபோல்டர்களை உண்டாக்கி, புரோகிராம்களின் சீட்டுகளை மட்டும் அவற்றுள் இழுத்துப் போட்டுவிட்டு, மற்றவற்றை அழித்துவிட்டேன். அன்இன்ஸ்டால் வரியை அழிப்பதற்கு அஞ்சவேண்டியதில்லை. புரோகிராமை நீக்கும் வழி கன்ட்ரோல் பேனலில் எப்போதும் இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் ஒரு குறை மட்டும் உண்டு. புரோகிராமின் புதிய பதிப்பை நிறுவும்போது, அது நம் அடுக்கை அறியாமல் பழைய இடத்திலேயே தன் கம்பெனிப் பெயரால் மறுபடியும் ஒரு ஃபோல்டரை எழுப்பிவிடும். வீட்டைப் பெருக்குவதுபோல் இதையும் அவ்வப்போது செய்தாகவேண்டும். லினக்ஸில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே ஒவ்வொரு புரோகிராமும் தான் இன்ன வகையைச் சேர்ந்ததென்பதை ஒரு சிறு கோப்பில் தானே எழுதிக்கொடுத்துவிடுவதால், மெனு தன்னைத் தானே வகைப்படுத்திக்கொள்கிறது.

அடுக்கிக்கொண்டிருக்கையில்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஸ்டார்ட் பொத்தானை மௌஸின் வலப்புற விசையால் கிளிக் செய்தபோது, 'ஓபன்' என்று ஒரு வரியும், 'ஓபன் ஆல் யூசர்ஸ்' என்று மற்றொரு வரியும் காணப்பட்டன. இரண்டையும் திறந்தேன், இரண்டிலும் வெவ்வேறு சீட்டுகள்! அதுகாறும் ஒரே மெனு என்று நான் எண்ணியிருந்தது, உண்மையில் இரண்டு ஃபோல்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டிய தோற்றம். ஒன்று, அந்த யந்திரத்தில் உள்ளே நுழையத் தனிப்பெயர், அதாவது கணக்கு, உள்ள அனைவருக்கும் பொதுவானது. மற்றது, அப்போது உள்ளே நுழைந்திருப்பவருக்கு மட்டுமே உரியது. பொது ஃபோல்டரில் ஒரு சீட்டை இட்டால் நால்வர் மெனுவிலும் அது தோன்றும். தம் ஃபோல்டரில் இட்டால் தமக்கு மட்டும் தோன்றும். மெனுவைச் சீர்செய்யும் வேலையும், கணக்குகளைப் பிரிக்கும் வேலையும் ஒரே வேலையின் இரு பகுதிகள் என்பதை அன்று நான் கண்டுகொண்டேன். நாங்களோ ஒரே கணக்கில் நால்வராக இருந்தோம்.

ஒரு யந்திரத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்வது என்ற பிரச்சினை, வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வெகுகாலம் முன்பே தோன்றியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கலாசாலையில், ஃபெர்னாண்டோ கார்பாட்டோ என்பவரின் தலைமையில் 1961-இல் இயங்கிக் காட்டப்பெற்ற சி.டி.எஸ்.எஸ். என்னும் அமைப்பில், பலர் தத்தம் இருக்கையிலிருந்து ஒரே பெரிய கம்ப்யூட்டரை உபயோகிக்க நேர்ந்ததால், ஒருவருடைய கோப்புகளை மற்றொருவர் தொடாதிருக்கும்பொருட்டு, ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் வழங்கினார்கள். அந்தக் கடவுச்சொற்களுக்கு நேர்ந்த ஒரு விபத்தைக் கார்பாட்டோவே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அன்றாட அறிவிப்பை ஒரு நிர்வாகி திருத்திக்கொண்டிருந்த அதே சமயத்தில், கடவுச்சொற் பட்டியலை மற்றொரு நிர்வாகி திருத்திக்கொண்டிருந்தார். திருத்தும் புரோகிராம் இருவருக்கும் ஒரே பெயருள்ள தற்காலிகக் கோப்பை உபயோகித்தமையால் இரண்டும் இடம் மாறிப்போய், உள்ளே நுழைந்தவர்க்கெல்லாம் அறிவிப்புக்குப் பதிலாக அனைவருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தனவாம்!

வீட்டுக் கம்ப்யூட்டரோ, இந்த அனுபவம் எதுவும் அறியாத குழந்தையாகவே நெடுங்காலம் இருந்தது. விண்டோஸ் 95-இலும் 98-இலும் கடவுச்சொல் கேட்கும் சாளரம் வந்தால் எஸ்கேப் விசையை அழுத்திவிட்டு உள்ளே போய்விடலாம். தாழ்ப்பாள் இல்லாத கதவில் பூட்டின் படம் வரைந்ததற்கு ஒப்பானது அது. 2001-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் தேதி வெளியான எக்ஸ்பி, அலுவலகங்களுக்கென்று செய்யப்பட்ட என்.டி. வம்சத்தில் பிறந்ததாகையால், மெய்யான பூட்டோடு வந்தது. அதில் கணக்குகள் அதிகாரத்தால் வேறுபட்டன. அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்குப் புரோகிராம்களை நிறுவவும், பிறர் கணக்குகளை ஆக்கவும் அழிக்கவும், பொது மெனுவை மாற்றவும் உரிமையுண்டு. 'லிமிடெட்' கணக்குக்குத் தன் கோப்புகளும் தன் மெனுவும் தவிர வேறொன்றின்மீதும் உரிமையில்லை. ஆனால் எக்ஸ்பியை நிறுவும்போது உண்டாக்கும் கணக்குகளெல்லாம் கடவுச்சொல் இல்லாத அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குகளாகவே பிறந்தன. பழைய புரோகிராம்கள் பலவும் குறைந்த அதிகாரத்தில் ஓட மறுத்ததால் ஜனங்களும் அப்படியே விட்டுவிட்டார்கள். அதன் பலன், இணையத்திலிருந்து ஒரு கெட்ட புரோகிராம் உள்ளே நுழைந்தால், நுழைந்த கணம் முதல் வீட்டு எஜமானனின் அதிகாரம் முழுதும் அதற்கு வாய்த்துவிட்டது. அதிகாரம் தேவைப்படும் ஒவ்வொரு சமயத்திலும் திரையை மங்கச்செய்து அனுமதி கேட்கும் வழக்கம், 2007-இல் வீடுகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து ஏற்பட்டது. அந்தக் கேள்வியைச் சலித்துக்கொண்டவர்கள் பலர். எனக்கு அது நியாயமான கேள்வியாகவே தோன்றுகிறது.

இருந்த ஒரு கணக்கை நான்காக்கினேன். எனக்கு மட்டும் அட்மினிஸ்ட்ரேட்டர் பதவி. அப்போது என் அவசரத்தால் ஒரு தவறு நிகழ்ந்தது. மனைவியின் பெயரில் ஓர் எழுத்துப் பிழையிருந்ததைச் சில வாரங்களுக்குப் பின் கவனித்து, பெயரை மாற்றும் வசதியொன்று இருப்பதை மறந்து, அந்தக் கணக்கை அழித்துவிட்டு, திருத்திய பெயரில் புதிதாக ஒன்றை ஆக்கினேன். அழிக்குமுன் யந்திரம் எச்சரிக்கவே செய்தது: டெஸ்க்டாப்பிலும் 'மை டாக்குமெண்ட்ஸ்' ஃபோல்டரிலும் உள்ளவற்றை எடுத்துவைக்கலாம், மின்னஞ்சல்களையும் பிற அமைப்புகளையும் காப்பாற்ற இயலாது என்று. நான் படிக்காமல் பொத்தானை அழுத்தினேன். மைத்துனர் எழுதிய மின்னஞ்சல்கள் போயின. அன்று மாலை காபியும் வரவில்லை.

பெயரைச் சரியாக முன்போலவே இட்டிருந்தாலும் பயன் இராது. நமக்குத்தான் பெயர், யந்திரத்துக்கு ஒவ்வொரு கணக்கும் ஒரு நீண்ட எண். விண்டோஸில் அதன் கடைப்பகுதி, கூடவே பிறக்கும் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு 500, விருந்தாளிக் கணக்குக்கு 501, நாம் உண்டாக்கும் கணக்குகளுக்கு 1000 முதலாக மேலே செல்லும். அழித்த கணக்கின் எண் மறுபடி யாருக்கும் வழங்கப்படுவதில்லையாதலால், அதே பெயரில் வருபவரும் யந்திரத்தின் கண்ணுக்குப் புதியவரே. மாறாக, பெயரை மட்டும் மாற்றினால் எண் மாறுவதில்லை. கோப்புகளின் உரிமையும் மாறுவதில்லை. கடைப் பையன் இட்ட 'யூசர்' என்பதை நான் என் பெயராக மாற்றிய பிறகும், ஹார்ட் டிஸ்கில் என் ஃபோல்டர் 'யூசர்' என்றே கடைசிவரை வழங்கிவந்தது. மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து உள்ளே நுழையும் விண்டோஸ் 10-இலோ, அந்த முகவரியின் முதல் ஐந்து எழுத்துக்களை வெட்டியெடுத்து ஃபோல்டருக்குப் பெயராகச் சூட்டிவிடுகிறார்கள். அழகான பெயர்களெல்லாம் அங்கே உடலிழந்த தலைகளாய் நிற்கின்றன.

மகனுக்குத் தேர்வு நெருங்கியது. விளையாட்டுச் சீட்டுகள் யாவற்றையும் பொது ஃபோல்டரிலிருந்து என் சொந்த ஃபோல்டருக்கு மாற்றி, அவன் மெனுவில் அவை தோன்றாதபடி செய்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் நாள் இரவு எட்டிப் பார்த்தால், சாலிடேர் சீட்டாட்டம் திரையில் விரிந்திருந்தது. 'ரன்' என்ற கட்டத்தில் எஸ், ஓ, எல் என்று மூன்றெழுத்தைத் தட்டி அவன் நேரே பரணுக்கே ஏறிவிட்டான். சீட்டை ஒளிப்பது வேறு, பரணைப் பூட்டுவது வேறு என்பதை எனக்குப் போதித்தவன் அவனே.

விஸ்டாவுக்குப் பிறகு பொது ஃபோல்டர் 'புரோகிராம்டேட்டா' என்பதனுள் குடிபெயர்ந்தது. 2012-இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பொத்தானையே எடுத்துவிட்டு, மறு வருஷம் 8.1-இல் திருப்பிக் கொணர்ந்தது. ஆயினும் இரண்டு ஃபோல்டர்களின் தத்துவம் இன்றளவும் மாறவில்லை.

என் தாயாரின் கணக்குக்குக் கடவுச்சொல் வைக்கவில்லை. வரவேற்புத் திரையில் எக்ஸ்பி கொடுக்கும் படங்களுள் அவள் தேர்ந்தெடுத்தது மஞ்சள் வாத்து. தேர்வு முடிந்து விளையாட்டுகளைப் பொது ஃபோல்டருக்கு நான் திருப்பியபோது, அவள் மெனுவிலும் அவை வந்துவிட்டன. பேரன் சாலிடேரைக் கற்றுக்கொடுத்தான். அதன்பின் மாலை வேளைகளில் எனக்கு யந்திரம் கிடைப்பது அரிதாயிற்று. அவசரமாக ஒரு கடிதம் எழுதவேண்டியிருந்தால், அவளை வெளியேற்றாமலே, கணக்கை மாற்றும் பொத்தானை அழுத்தி என் பெயரில் நுழைந்து எழுதி முடித்துவிட்டு எழுந்துவிடுவேன். அவள் வந்து வாத்தை அழுத்துவாள். பாதியில் விட்ட ஆட்டத்தின் சீட்டுகள் விட்டபடியே அவளுக்காகக் காத்திருக்கும்.