எந்தக் காய்ச்சல்?

"பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று சொல்லிவிட்டால் நோயின் பெயரையே சொல்லிவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். காய்ச்சல் என்பது ஒரு நோயின் பெயரே அல்ல. உள்ளே ஏதோ நுழைந்துவிட்டது என்று உடல் அடிக்கும் மணி அது. வந்தவன் எந்தத் திருடனாக இருந்தாலும் மணி ஒரே மாதிரித்தான் அடிக்கும். யார் வந்தான், எந்த வழியால் வந்தான், எதைத் திருடப் போகிறான் என்பதையெல்லாம் வைத்தியர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் காலம் தாழ்த்தாமல் கண்டுபிடிக்க வேண்டும்.

ஹுன்னஸ்கிரியவைப் போன்ற ஓர் ஊரில் இது இலேசான வேலையல்ல. ஒரு பக்கம் நக்கிள்ஸ் மலைக்காடு. இன்னொரு பக்கம் படிப்படியாக இறங்கும் வயல்கள். நடுவே கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் பாதை. காட்டில் உண்ணி, வயலில் எலி, பாதையோரக் கடைகளின் வெற்று டயரிலும் யோகட் கோப்பையிலும் நுளம்பு. உண்ணிக் காய்ச்சல், எலிக்காய்ச்சல், டெங்கு என்ற மூன்றும் முதல் மூன்று நாட்களில் உடன்பிறந்த சகோதரிகளைப் போலவே இருக்கும். கடும் காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைவு, வாந்தி, சாப்பாட்டில் வெறுப்பு. இவற்றில் எதை வைத்து எதைப் பிரிப்பது?

முதலில் டெங்குவைப் பார்ப்போம். 2017இல் இலங்கையில் 186,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு யாருக்குக் காய்ச்சல் என்றாலும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது டெங்குதான். அந்தப் பயம் நல்லது. ஆனால் அதற்குள் ஒரு பொறியும் இருக்கிறது. பரிசோதனையில் "டெங்கு இல்லை" என்று வந்தவுடன் வீட்டார் பெருமூச்சு விட்டுவிடுகிறார்கள். வேறு என்னவாக இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

டெங்குவுக்கு முதல் நாட்களில் செய்யப்படுவது என்.எஸ்.1 பரிசோதனை. அது வைரஸ் வெளியிடும் ஒரு புரதத்தை இரத்தத்தில் தேடுகிறது. காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாட்களில்தான் அந்தப் புரதம் நன்றாக அகப்படும். பிறகு குறைந்துவிடும். வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் பிறபொருளெதிரிகளோ ஏறக்குறைய ஐந்தாம் நாளுக்குப் பின்புதான் பரிசோதனையில் தெரியத் தொடங்கும். இரண்டாவது தடவை டெங்கு வருபவர்களில் என்.எஸ்.1 அகப்படாமல் போகும் வாய்ப்பு இன்னும் அதிகம். இரண்டாவது தடவைதான் பெரும்பாலும் ஆபத்தானது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். ஆகவே "இல்லை" என்று சொல்லும் ஒரு துண்டுக் காகிதம், எந்த நாளில் இரத்தம் எடுக்கப்பட்டது என்று தெரியாவிட்டால் அரைவாசிப் பதில்தான்.

இதனால்தான் வைத்தியர்கள் "காய்ச்சல் எப்போது தொடங்கியது?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். நம்மவர்களின் பதில் எப்படியிருக்கும்? "ரெண்டு மூணு நாளா." இரண்டா மூன்றா என்பதில் ஓர் உயிர் தொங்கலாம் என்பது அந்த வேளையில் தெரிவதில்லை. டெங்குவில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசியும் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் விடும் வேளையில்தான் தொடங்குகிறது. அது 24 தொடக்கம் 48 மணித்தியாலங்கள் வரை நீடிக்கும். உடம்பு குளிர்ந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தேறிவிட்டாள் என்று போர்வையை மடித்து வைக்கும் நேரமும் அந்த ஆபத்து ஆரம்பிக்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. கை கால் சில்லிடுவது, வயிற்று வலி, ஓயாத வாந்தி, சோர்வு, சிறுநீர் குறைவது ஆகியவற்றைக் காய்ச்சல் இல்லாத நாளில்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

இனி எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்ற சுருள் வடிவப் பக்டீரியா எலி, மாடு, எருமை, நாய் போன்றவற்றின் சிறுநீரோடு சேற்றில் கலந்து, காலிலுள்ள சிறு வெடிப்பு வழியாக உள்ளே போகிறது. இதன் கடுமையான வடிவத்தை அடோல்ஃப் வைல் என்ற ஜெர்மனிய வைத்தியர் 1886இல் விவரித்தார். அதற்குக் காரணமான கிருமியை 1915இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். இலங்கையில் 2008ஆம் ஆண்டு பெரிய அளவில் பரவியபோது 7,000க்கும் அதிகமானோர் நோயாளர்களாகப் பதிவாகி, இருநூறு பேர் வரையில் இறந்தார்கள்.

இந்த நோய்க்கென்று சில அடையாளங்கள் உண்டு. கெண்டைக்காலைத் தொட்டாலே துடிக்கும் வலி, பீளை தள்ளாமல் சிவந்து போகும் கண்கள், பிறகு மஞ்சள் நிறம், சிறுநீர் குறைதல். ஆனால் எல்லோருக்கும் எல்லாம் வருவதில்லை. டெங்குவைப் போலவே இதிலும் குருதிச் சிறுதட்டுகள் குறையலாம். உண்ணிக் காய்ச்சலிலும் குறையலாம். "பிளேட்லட் குறைஞ்சிருக்கு, அப்ப டெங்குதான்" என்று ரிப்போர்ட்டைப் பார்த்து நாமே தீர்ப்பு எழுதுவது எவ்வளவு தவறானது என்பது இதிலிருந்து விளங்கும்.

இங்கே நோயைப் பிரித்தறிய உதவுவது இயந்திரத்தை விட ஒரு கேள்விதான்: "கடந்த இரண்டு கிழமைக்குள் வயலில் இறங்கினீர்களா? ஓடையில் குளித்தீர்களா?" சேற்றில் கால் வைத்த நாளுக்கும் காய்ச்சல் வந்த நாளுக்கும் இடையில் ஒன்றிரண்டு கிழமைகள் கழிந்திருக்கும். அதனால் நோயாளி இரண்டையும் தொடர்புபடுத்திப் பார்ப்பதே இல்லை. கேட்காமல் சொல்லவும் மாட்டார்.

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் வியப்பளித்தது. உண்ணிக் காய்ச்சல் என்று நாம் பொதுவாகச் சொல்வது ரிக்கெட்சியா இனத்தைச் சேர்ந்த கிருமிகளால் வரும் பல காய்ச்சல்களின் தொகுதி. மத்திய மாகாண மலைப்பகுதியில் இது எப்படிக் காணப்படுகிறது என்று கண்டியில் நடந்த ஓர் ஆய்வு 2003இல் வெளியானது. புள்ளிக் காய்ச்சல் என்ற வகையே இங்கு அதிகம் என்று அது காட்டியது. பெயருக்கேற்ப உடலில் சிவப்புப் புள்ளிகள் வரும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கூட வரும். ஆனால் பல பாடநூல்களின் படங்கள் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. நம் நிறத்தில் அந்தச் சிவப்பு எளிதில் கண்ணில் படாது. நல்ல வெளிச்சத்தில், தேடிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வகை ஸ்க்ரப் டைபஸ். கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கரும்புண் உண்டாகும். வலிக்காது, சொறியாது. அது அதிகம் வருவது அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ், இடுப்பில் ஆடை இறுகும் இடம் ஆகிய மறைவான இடங்களில். அதைக் கண்டுவிட்டால் வைத்தியருக்கு ஆய்வுகூடமே தேவையில்லை என்று சொல்லுமளவுக்கு அது தெளிவான சாட்சி. காணாவிட்டால் இருட்டுத்தான்.

நம் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதுவதால் இதைக் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்கிறேன். என் சாச்சியின் மகளுக்கு எட்டு நாள் காய்ச்சல். இரண்டு டிஸ்பென்சரிகளில் காட்டினார்கள். இரண்டு தடவை டெங்குப் பரிசோதனை செய்து இல்லையென்று வந்தது. "வைரல் காய்ச்சல்தான், போய் ஓய்வெடுங்கள்" என்றார்கள். ஒன்பதாம் நாள் பெரிய வைத்தியசாலையொன்றில் வார்டில் அனுமதித்த பிறகு, ஒரு பெண் வைத்தியர் திரையை இழுத்துவிட்டுத் தலை முதல் கால் வரை பார்த்தார். அக்குளுக்குக் கீழே அந்தக் கரும்புண் இருந்தது. டொக்சிசைக்கிளின் கொடுத்து இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. புண் இருந்தது அவளுக்கு முன்பே தெரியும். பரு என்று நினைத்தாளாம். தெரிந்திருந்தாலும், வாப்பாவை அருகில் வைத்துக்கொண்டு அந்நிய ஆண் வைத்தியரிடம் எப்படிச் சொல்லியிருப்பாள்?

டிஸ்பென்சரி வைத்தியர்களையும் முழுதாகக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வெளியே நாற்பது பேர் இருமிக்கொண்டிருக்க, ஒரு நோயாளிக்கு அவர்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அபாயாவும் பர்தாவும் அணிந்து, தகப்பனோடு வந்திருக்கும் ஒரு பெண்பிள்ளையிடம் "உடலைப் பார்க்க வேண்டும்" என்று சொல்ல அவர்களும் தயங்குகிறார்கள். இரண்டு பக்கத்து வெட்கமும் சேர்ந்து நோயை மறைத்துவிடுகிறது. பெண் வைத்தியர் கிடைத்தால் அவரை நாடுவதும், கிடைக்காதபோது தேவையான அளவு மட்டும் ஆண் வைத்தியரிடம் காட்டுவதும் மார்க்க அறிஞர்கள் அனுமதித்த விடயம்தான். தாயோ, பெண் தாதியோ கூட இருக்க வேண்டும் என்று நாம் கேட்கலாம். கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

மாதவிடாய் விடயமும் இப்படித்தான். டெங்குவில் இரத்தப்போக்கு ஆபத்தானது. வழக்கத்தை விட அதிகமாகப் போகிறதா, திகதிக்கு முன்பே வந்துவிட்டதா என்பதெல்லாம் வைத்தியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேள்வியைக் கேட்டதும் வாப்பா வெளியே போய் நின்றுகொண்டால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்தது மொழி. நம் பகுதி வைத்தியசாலைகளில் பெரும்பாலும் பேசப்படுவது சிங்களம். நம் வீட்டுப் பெரியவர்களின் சிங்களம் கடையில் அரிசி வாங்கப் போதும். வலியை விவரிக்கப் போதாது. உளைவு, குத்து, இழுப்பு, எரிவு, கடுப்பு என்று தமிழில் நாம் பிரித்துச் சொல்லும் அத்தனையும் மொழிபெயர்ப்பில் "ரிதெனவா" என்ற ஒரே சொல்லாகிவிடுகிறது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறதா, மூட்டிலா, கெண்டைக்காலிலா என்பதில்தான் டெங்குவா எலிக்காய்ச்சலா என்ற துப்பே இருக்கிறது. சிங்களம் நன்றாகத் தெரிந்த பிள்ளை ஒருத்தி உம்மும்மாவோடு கூடப் போவது ஒரு மருந்துக்குச் சமம். இது மிகைப்படுத்தல் அல்ல.

நோயாளியிடம் கேட்டுப் பிரித்தறியும் கலை நமக்கு அந்நியமானதல்ல. கிட்டத்தட்ட ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அர்-ராஸி பெரியம்மையையும் சின்னமுத்தையும் வேறுபடுத்தி ஒரு தனி நூலே எழுதினார். அவரிடம் நுணுக்குக்காட்டி இல்லை, கிருமி என்ற கருத்தே அன்று இல்லை. முதுகுவலி பெரியம்மையில் அதிகம், குமட்டலும் மனப்பதற்றமும் சின்னமுத்தில் அதிகம் என்று நோயாளிகளைப் பார்த்தும் கேட்டும்தான் குறித்துவைத்தார். ஒரே காய்ச்சல், ஒரே மாதிரிப் புள்ளிகள். அதற்குள் இரண்டு நோய்கள் என்று பிரித்துக் காட்டியது எவ்வளவு பெரிய காரியம் என்பது, இன்று இத்தனை கருவிகள் இருந்தும் நாம் தடுமாறும்போதுதான் தெரிகிறது.

பார்மசியில் நாமே வாங்கும் மருந்துகள் இந்தத் தடுமாற்றத்தை இன்னும் கூட்டுகின்றன. டெங்குவாக இருக்கலாம் என்ற காய்ச்சலுக்கு பெரசிற்றமோல் தவிர வேறு வலிமாத்திரை கூடாது. அஸ்பிரினும் புரூபனும் டைக்ளோஃபெனாக்கும் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். வீட்டில் மிச்சமிருந்த அன்டிபயோட்டிக்கில் இரண்டை விழுங்கிவிட்டுப் போனால், பிறகு இரத்தத்தை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில் கிருமி அகப்படாமலே போகலாம். கொத்தமல்லிக் குடிநீரைக் குடிக்கட்டும், ஓதிய தண்ணீரையும் குடிக்கட்டும், அதில் யாருக்கும் நட்டமில்லை. அதற்காக மூன்றாம் நாளைத் தாண்டிக் காத்திருப்பதில்தான் நட்டம்.

பெயர் உறுதியாகாமல் வைத்தியர்கள் எப்படிச் சிகிச்சை கொடுக்கிறார்கள் என்று நான் யோசித்ததுண்டு. டொக்சிசைக்கிளின் எலிக்காய்ச்சலுக்கும் கேட்கும், உண்ணிக் காய்ச்சலுக்கும் கேட்கும். ஆகவே சந்தேகம் வலுவாக இருந்தால் ஆய்வுகூடப் பதிலுக்குக் காத்திராமல் ஆரம்பித்துவிடுகிறார்கள். டெங்குவுக்கோ அது பயன்படாது. அங்கே உயிர்காப்பது மணிக்கு மணி அளந்து கொடுக்கும் நீர்தான். குறைந்தாலும் ஆபத்து, கூடினால் நுரையீரலைச் சுற்றி நீர் தேங்கும். அதனால்தான் டெங்குவா இல்லையா என்ற கேள்விக்கு மட்டும் அவர்கள் இவ்வளவு அவசரப்படுகிறார்கள்.

நம் ஊரிலிருந்து கண்டிக்குப் பஸ் பயணமே ஒரு மணித்தியாலத்துக்கு மேல். லூல்வத்தையிலும் மீமுரேயிலும் இருப்பவர்களுக்கு ஹுன்னஸ்கிரிய வந்து சேர்வதே ஒரு பிரயாணம். 1990க்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும் என்பதைப் பலர் இன்னும் அறியவில்லை. போகும்போது ஒரு கொப்பித் தாளில் சில வரிகள் எழுதிக்கொண்டு போகலாம். காய்ச்சல் தொடங்கிய நாளும் நேரமும், அளந்த வெப்பநிலை, குடித்ததும் சிறுநீர் கழித்ததும், விழுங்கிய மாத்திரைகளின் பெயர், கடந்த ஒரு மாதத்தில் வயல், காடு, ஓடை, வெளியூர் என்று போன இடங்கள். அதையும் சிங்களத்தில் எழுதினால் இன்னும் நல்லது.

இத்தனைக்குப் பிறகும் சில காய்ச்சல்கள் பெயரில்லாமலே போகின்றன. எலிக்காய்ச்சலை உறுதிசெய்யும் முக்கிய பரிசோதனைக்கு இரண்டு இரத்த மாதிரிகள் வேண்டும். ஒன்று நோயின்போது, மற்றது சுமார் இரண்டு கிழமை கழித்து. இரண்டுக்குமிடையில் பிறபொருளெதிரியின் அளவு நான்கு மடங்கு உயர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். உண்ணிக் காய்ச்சலை உறுதிப்படுத்தவும் இதே மாதிரி இரட்டை மாதிரி தேவைப்படுகிறது. ஆனால் இரண்டு கிழமைக்குள் நோயாளி சுகமாகி, மண்வெட்டியோடு மீண்டும் வயலில் இறங்கியிருப்பார். சுகமான உடம்பிலிருந்து இரத்தம் கொடுப்பதற்காக ஒருநாள் கூலியை விட்டு யார் மலையிறங்கி வருவார்? இரண்டாவது குழாய் வெறுமையாகவே இருக்கும். அட்டையில் நோயின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி அப்படியே நின்றுவிடும்.