தண்ணீர் தெளிவு, மீன்கள் மட்டும் சாவது ஏன்?

"கோடை விடுமுறையில் மகளுக்காகக் கண்ணாடித் தொட்டியும் பத்து நியான் டெட்ரா மீன்களும் வாங்கினோம். ஐந்தாம் நாள் இரண்டு மிதந்தன. பத்தாம் நாளுக்குள் எல்லாமே போய்விட்டன. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. தான் தீனி அதிகம் போட்டதால்தான் செத்தன என்று மகள் அழுகிறாள். எங்கே தப்பு நடந்தது?" என்று கரூர் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்.

அம்மா, முதலில் உங்கள் மகளைத் தேற்றுங்கள். தீனி மட்டும் காரணமல்ல. தொட்டி தயாராகும் முன்பே மீன்களை விட்டதுதான் பெரிய காரணமாக இருக்க வேண்டும்.

வயலில் யூரியா போடுகிறோம். அது அம்மோனியாவாக மாறும். மண்ணிலுள்ள ஒருவகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கும். வேறு வகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக்கும். மீன் தொட்டியிலும் இதே வேலைதான் நடக்க வேண்டும். மீன்கள் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியாவாகும். புதுத் தொட்டியில் இதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் இல்லை. அவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டுமே மீனுக்கு விஷம். இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் தெளிவை நம்பக் கூடாது.

ஆகவே மீன் வாங்கும் முன்பே ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வாருங்கள். நன்றாக ஓடும் பழைய தொட்டி தெரிந்தவர் வீட்டில் இருந்தால், அந்த ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். மீன் கடைகளில் கிடைக்கும் பரிசோதனை சொட்டு மருந்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன்களை விட வேண்டும்.

இன்னொன்று. நியான் டெட்ரா அமேசான் படுகையின் மீன். உப்பு குறைந்த மென்மையான நீருக்குப் பழகியது. உங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருந்தால், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். வரிக்குதிரை மீன் எனும் ஜீப்ரா டேனியோவோ ரோஸி பார்போ வாங்குங்கள். இரண்டும் நம் நாட்டு நீர்நிலைகளிலும் வாழும் மீன்கள், தாக்குப்பிடிப்பவை. வாய்க்காலில் கெண்டைப்பொடி கூட்டமாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், இவையும் அப்படித்தான். நிறத்துக்கு இரண்டு என்று வாங்கினால் பயந்து மூலையில் ஒடுங்கும். ஒரே இனத்தில் குறைந்தது 6 வேண்டும். டைகர் பார்ப் என்றால் 8, 10 என்று கூடுதலாக. எண்ணிக்கை குறைந்தால் மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும். தொட்டி உயரத்தைவிட நீளம் முக்கியம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் இருந்தால் ஏறக்குறைய 50 லிட்டர் பிடிக்கும். உருண்டைக் கிண்ணம் வேண்டவே வேண்டாம். ஜீப்ரா துள்ளும், மூடி அவசியம்.

பஞ்சாயத்துக் குழாய் நீரில் பிளீச்சிங் பவுடர் கலந்திருக்கும். திறந்த டிரம்மில் ஒரு நாள் வைத்த பிறகு ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மட்டும் மாற்றினால் போதும். தொட்டியைக் காலி செய்து சோப்புப் போட்டுக் கழுவுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாக்டீரியாவும் போய், கதை முதலிலிருந்து தொடங்கும். ஃபில்டர் பஞ்சைக்கூட, மாற்றி எடுத்த தொட்டி நீரிலேயே அலசுங்கள். அந்த நீர் கறிவேப்பிலைச் செடிக்கு நல்ல உரம். தீனி, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு போதும்.

விவசாயக் குடும்பங்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். தெளித்துவிட்டு வந்த கையோடு தொட்டியில் கை வைக்காதீர்கள். குளித்து, உடை மாற்றிய பிறகு போங்கள். தெளிப்பானுக்குப் பயன்படுத்திய வாளியைத் தொட்டிக்கு எடுக்கவே கூடாது. கொசு மருந்துகள் பலவற்றிலும் இதே வகைதான். காற்று பம்ப் அறைக் காற்றை உறிஞ்சி நீருக்குள் விடுகிறது. அதனால் தொட்டி இருக்கும் அறையில் அவற்றை அடிக்க வேண்டாம்.

மீன் வந்த அன்று பையைப் பிரிக்காமல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பை நீர் தொட்டிக்குள் போக வேண்டாம். பின்னாளில் மீன் பெருகிவிட்டால் கடைக்கோ வேறு வீட்டுக்கோ கொடுங்கள். கிணற்றிலோ ஏரியிலோ விடாதீர்கள்.