மூடாத பக்கமும் பழைய விலையும்

2022 மார்ச் மாதத்தை வியாபாரிகள் எவரும் இலகுவில் மறந்துவிடமாட்டார்கள். மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலரின் விலை, 7 ஆம் திகதி மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியதும் ஏறத் தொடங்கி, மே மாதமளவில் 360 ரூபா வரை சென்றது. காலையில் சொன்ன விலையை மாலையில் சொல்ல முடியாத நாட்கள் அவை.

அப்படியான ஒரு நாளில் புறக்கோட்டையில் புடைவை வியாபாரம் செய்யும் எனது மச்சானின் கடையில் அமர்ந்திருந்தேன். கிழக்கிலிருந்து வந்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் வரவிருந்த சரக்குக்கு விலை கேட்டார். மச்சான் கையடக்கத் தொலைபேசியை எடுத்தார். டொலர் விலையைப் பார்த்தார். கல்குலேட்டரைத் தட்டினார். விலையைச் சொன்னார். பேச்சு முடிந்து, தேநீரும் குடித்துவிட்டு வாடிக்கையாளர் படியிறங்கிய பிறகுதான் கடையில் வேலை செய்யும் தம்பி தொலைபேசியை எட்டிப் பார்த்தான்.

"நானா, இதுல போன கிழம திகதியல்லவா போட்டிருக்கு?"

டொலருக்கு 20 ரூபா வித்தியாசம். சரக்கோ 6,000 டொலர் பெறுமதியானது. ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபா, ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் போய்விட்டது. சொன்ன சொல்லை மாற்றுவதில்லை என்று மச்சான் அந்த விலைக்கே சரக்கைக் கொடுத்தார். அது அவரது பெருந்தன்மை. ஆனால் நட்டம் நட்டம்தான்.

என்ன நடந்தது என்று பின்னர் ஆறுதலாகப் பார்த்தோம். அவர் பார்த்தது ஒரு செய்தித் தளத்தில் வந்த 'இன்றைய நாணய மாற்று விலை' என்ற பக்கம். ஒரு வாரத்துக்கு முன்னர் திறந்தது. மூடப்படாமல் அப்படியே கிடந்தது. அத்தகைய செய்திப் பக்கத்தை எத்தனை தடவை புதுப்பித்தாலும் அது வெளியான நாளின் விலையைத்தான் காட்டும். 'இன்றைய' என்ற சொல் மட்டும் என்றும் இன்றையதாகவே இருக்கும்!

இவ்வாறு திறந்து கிடக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் 'டெப்' என்கிறார்கள். பிள்ளைகள் வைத்து விளையாடும் டெப் வேறு, இது வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம். 2007 இல் முதலாவது ஐபோன் வந்தபோது அதில் ஒரே நேரத்தில் 8 பக்கங்களை மட்டுமே திறந்து வைக்க முடிந்தது. இன்று ஐபோனின் சஃபாரியில் ஒரு தொகுதியில் மட்டும் 500 பக்கங்கள் வரை திறக்கலாம். அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் உள்ள குரோமில் ஒரு சிறிய சதுரத்தினுள் எத்தனை பக்கங்கள் திறந்துள்ளன என்ற எண் தெரியும். 99 ஐத் தாண்டினால் எண்ணுக்குப் பதிலாக ஒரு சிரிக்கும் முகம் வந்துவிடும். மச்சானின் தொலைபேசியில் அந்த முகம்தான் சிரித்துக்கொண்டிருந்தது. அது ஏதோ விளம்பரம் என்று அவர் நினைத்திருக்கிறார்.

பலரும் முறையிடுவது, பக்கங்கள் கூடினால் தொலைபேசி மந்தமாகிறது என்பதை. இதில் பாதிதான் உண்மை. நாம் பார்க்காத பக்கங்களை இன்றைய தொலைபேசிகள் நினைவகத்திலிருந்து தாமாகவே இறக்கிவிடுகின்றன. நாம் திரும்பவும் அதைத் தொடும்போது புதிதாக இறக்கிக்கொள்கின்றன. ஆகவே நூறு பக்கங்கள் கிடப்பதால் தொலைபேசி நூறு மடங்கு பாரம் சுமப்பதில்லை. மாறாக, திரும்பத் திரும்ப இறக்குவதால் டேட்டா செலவாகும். அத்தோடு, அரைகுறையாக நிரப்பிய விண்ணப்பம் ஏதும் அந்தப் பக்கத்தில் இருந்தால் அது அழிந்துவிடலாம். கேள்விப்பத்திரம், பதிவு விண்ணப்பம் போன்றவற்றை இணையத்தில் நிரப்புபவர்கள், இடையில் ஒரு அழைப்புக்குப் பதில் சொல்லிவிட்டு வந்து பார்த்தால் எல்லாம் வெறுமையாக இருப்பது இதனால்தான்.

பணம் செலுத்தும் பக்கம் இதைவிடப் பாரதூரமானது. பணம் செலுத்திவிட்டு அந்தப் பக்கத்தை மூடாமல் விட்டு, பின்னர் திறக்கும்போது 'விபரங்களை மீண்டும் அனுப்பவா' என்று கேட்டால், யோசிக்காமல் ஆம் என்று அழுத்த வேண்டாம். இரண்டாவது தடவையும் பணம் போகக்கூடும். முதலில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் கணக்கின் மீதியைப் பாருங்கள். அதன் பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

வியாபாரிக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பக்கங்களை மாற்றுவதற்காக அந்தச் சதுரத்தைத் தொட்டால், திறந்துள்ள எல்லாப் பக்கங்களும் சிறிய படங்களாக வரிசையில் தெரியும். கல்லாவுக்கு முன்னால் நிற்கும் வாடிக்கையாளருக்கு ஏதோவொரு டிசைனைக் காட்டப் போய், நீங்கள் சீனாவிலிருந்து அதே பொருளைக் கொள்வனவு செய்யும் விலையைக் காட்டிவிட்டால் எப்படியிருக்கும்? அடுத்த நிமிடம் அவர் கேட்கும் விலைக்கழிவை நினைத்துப் பாருங்கள். வீட்டில் பிள்ளைகளின் கருவியிலும் உங்கள் கூகுள் கணக்கையே போட்டு, ஒத்திசைக்கும் வசதியையும் விட்டு வைத்திருந்தால், உங்கள் தொலைபேசியில் திறந்துள்ள பக்கங்களின் பட்டியலை அங்கிருந்தும் பார்க்கலாம். கடைக்கெனப் பொதுவாக வைத்திருக்கும் தொலைபேசியில் முதலாளியின் சொந்தக் கணக்கைப் போட்டு வைப்பது எனக்கு ஒருபோதும் சரியாகப்படவில்லை.

சரி, மூடுவது எப்படி? குரோமில் அந்தச் சதுரத்தைத் தொட்டு, மேலே மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மூடும் வழி கிடைக்கும். ஒன்றிரண்டை மட்டும் மூடுவதாயின் படத்தின் மூலையில் உள்ள பெருக்கல் அடையாளம் போதும். ஐபோனில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சதுரங்கள் உள்ள அடையாளத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். புதிய பதிப்புகளில் இடம் சற்று மாறியிருக்கலாம். ஐபோன்காரர்களுக்கு இன்னொரு வசதி 2019 இல் வந்தது. செட்டிங்ஸில் சஃபாரிக்குரிய பகுதிக்குச் சென்று, ஒரு நாள், ஒரு வாரம் அல்லது ஒரு மாதம் பார்க்கப்படாத பக்கங்கள் தாமாகவே மூடப்படும்படி செய்துவிடலாம். வியாபாரத் தேவைக்கு ஒரு வாரம் சரியாக இருக்கும் என்பது எனது எண்ணம்.

இங்கு பலர் விடும் பிழை ஒன்றுண்டு. திரையில் விரலால் மேலே தள்ளி குரோமையே அகற்றிவிட்டு, எல்லாம் மூடியாயிற்று என்று நினைக்கிறார்கள். மூடுபடுவதில்லை. அடுத்த தடவை திறக்கும்போது அத்தனை பக்கங்களும் அங்கேயே இருக்கும். அதேபோல் பக்கத்தை மூடுவது வேறு, கணக்கிலிருந்து வெளியேறுவது வேறு. வங்கித் தளத்தில் வேலை முடிந்ததும் முறையாக வெளியேறி, அதன் பின்னரே மூட வேண்டும்.

மூட மனம் வராமல் இருப்பது நமக்கு மட்டுமுள்ள பலவீனம் அல்ல. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021 இல் கணனிப் பாவனையாளர்களிடம் இதை ஆராய்ந்தபோது, மூடிவிட்டால் திரும்பக் கிடைக்காது என்ற பயத்திலும், செய்ய வேண்டிய வேலையை ஞாபகப்படுத்தட்டும் என்ற எண்ணத்திலும் பலர் பக்கங்களைத் திறந்தே வைத்திருப்பது தெரியவந்தது. எமது வியாபாரிகளும் அதைத்தான் செய்கிறார்கள். 'அந்தச் சப்ளையருக்கு எழுத வேண்டும்' என்று வைத்த பக்கம் மூன்று மாதமாகக் கிடக்கும், எழுதியிருக்கமாட்டார்கள். அதைவிட ஒரு கொப்பியில் குறித்து வைப்பது மேல்.

அடிக்கடி தேவைப்படும் பக்கங்களை நட்சத்திர அடையாளத்தைத் தொட்டுச் சேமித்து வையுங்கள். டொலர் விலைக்கு, வேலை நாட்களில் மத்திய வங்கி தனது இணையத்தளத்தில் வெளியிடும் பட்டியலைச் சேமித்து, ஒவ்வொரு தடவையும் புதிதாகவே திறவுங்கள். திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, திகதியை. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் தளத்தில் போட்டிருக்கும் விலை உங்களுக்கு முக்கியமென்றால், பக்கத்தைத் திறந்து வைத்திருப்பது சாட்சியாகாது. அவர் விலையை மாற்றினால், உங்கள் பக்கம் மீண்டும் இறங்கும்போது புதிய விலையே வரும். திகதி தெரியும்படி திரையைப் படமெடுத்து வைப்பதே பாதுகாப்பு.

தவறுதலாக ஒரு பக்கத்தை மூடிவிட்டாலும் பதற வேண்டியதில்லை. குரோமில் மூன்று புள்ளிகளைத் தொட்டால் அண்மையில் மூடியவற்றின் பட்டியல் இருக்கும். அங்கும் இல்லாவிட்டால் பார்வையிட்ட வரலாற்றில் தேடலாம். 'இன்கொக்னிட்டோ' என்ற இரகசிய முறையில் திறந்த பக்கங்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவை மூடினால் மூடியதுதான்.