எல்லையை அறிந்து துடுப்பு வலிப்போம்

துடுப்புப் படகுப் போட்டியின் வழக்கமான தொலைவு 2,000 மீட்டர். அதைக் கடக்க, படகின் வகைக்கேற்ப ஏறத்தாழ ஐந்தரை முதல் எட்டு நிமிடங்கள் ஆகும். பார்ப்பவருக்கு இது தோள்வலிமையின் போட்டியாகத் தோன்றலாம். ஆனால், அதற்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கை உடல் ஆக்சிஜனைக் கொண்டே உண்டாக்குகிறது. எனவே, ஒரு வீரர் எந்த வேகம் வரை தளராமல் நீடிப்பார் என்பதே பயிற்சியாளர் முதலில் அறிய வேண்டியது.

அந்த எல்லையை ரத்தம் காட்டிக் கொடுக்கும். தசைகளில் உருவாகும் லாக்டேட்டை மிதமான உழைப்பின்போது உடல் உடனுக்குடன் பயன்படுத்திவிடுகிறது. உழைப்பு ஒரு கட்டத்தைத் தாண்டினால் செலவைவிட வரவு மிகுந்து, அது ரத்தத்தில் தேங்குகிறது. துடுப்புப் பயிற்சிக் கருவியில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சுமையைக் கூட்டி, ஒவ்வொரு படியின் முடிவிலும் காதுமடலில் ஒரு துளி ரத்தம் எடுத்து இதை அளப்பார்கள். லிட்டருக்கு 4 மில்லிமோல் என்பது 1970-களில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் முன்வைத்த அளவுகோல். அது சராசரி மட்டுமே. வரம்பு ஆளுக்கு ஆள் மாறும்.

ரத்தப் பரிசோதனைக்கு வசதி இல்லாத இடத்தில் கடிகாரமே கைகொடுக்கும். ஒருவர் அதே கருவியில் 2,000 மீட்டரை 7 நிமிடங்களிலும், வேறொரு நாளில் 6,000 மீட்டரை 22 நிமிடம் 20 விநாடிகளிலும் முழுமூச்சாகக் கடக்கிறார் என்று கொள்வோம். கூடுதலான 4,000 மீட்டருக்கு 920 விநாடிகள். அதாவது, 500 மீட்டருக்கு 1 நிமிடம் 55 விநாடிகள். அவருடைய தாங்குதிறன் வரம்பு ஏறக்குறைய இந்த வேகத்தில்தான் இருக்கும்.

நீர்நிலையில் சோதிக்கும்போது காற்றும் நீரோட்டமும் கணக்கைக் குலைக்கும். எதிரெதிர்த் திசைகளில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. வெப்பம் மிகுந்த நாளில் அதே உழைப்புக்கு இதயத் துடிப்பு கூடும். குளிரூட்டிய அறையில் கண்ட துடிப்பளவைக் கோடைக்கால ஏரியில் அப்படியே நம்பக் கூடாது.

ஹாங்சௌ ஆசிய விளையாட்டுப் போட்டியின் துடுப்புப் படகுப் பிரிவில் இந்தியா 5 பதக்கங்கள் வென்றது. அத்தகைய வீரர்கள் மேலும் உருவாக வேண்டுமானால், சோதனை என்பது ஆட்களைக் கழித்துக்கட்டும் தேர்வாக மட்டும் இருக்கக் கூடாது என்பது என் கருத்து. வரம்பு தெரியாதபோது, ‘இன்னும் வேகமாக’ என்பதே அன்றாடக் கட்டளையாகிறது. அதனால் இளம் வீரர்கள் களைத்து, காயமுற்று, ஆட்டத்தையே கைவிட நேர்கிறது. பயிற்சியின் பெரும்பகுதி வரம்புக்குக் கீழேதான் நடைபெற வேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை அதே முறையில் சோதித்து, வீரரை அவருடைய பழைய அளவோடு மட்டும் ஒப்பிட வேண்டும். எப்போது விரைய வேண்டும் என்பதைவிட, எப்போது நிதானிக்க வேண்டும் என்று சொல்வதே இச்சோதனையின் தலையாய பயன்.